வருஷத்துக்கு ஒரு ஆயுத பூஜை போதுமா? பட்டறை, கடை, கிச்சன் விபத்துகளைத் தடுக்கும் ‘ஹவுஸ்கீப்பிங்’ - முழு விவரம்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குள் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். லேத் பட்டறை, வெல்டிங் கடை, மரப்பட்டறை, டூவீலர் மெக்கானிக் ஷெட், பிரிண்டிங் பிரஸ், ஸ்வீட் கடை கிச்சன் என எல்லா இடத்திலும் ஒரே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். வருஷம் முழுக்க மூலையில் கிடந்த தகரம், உடைந்த ஸ்டூல், காலி பெயின்ட் டப்பா எல்லாம் வெளியே வரும். மெஷினுக்கு அடியில் கெட்டியாகப் படிந்த ஆயிலைச் சுரண்டி எடுப்பார்கள். காணாமல் போன ஸ்பேனர் அப்போதுதான் கிடைக்கும்.

மறுநாள் மெஷினுக்கு சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல். பட்டறை பளபளன்னு இருக்கும். அதற்கு அடுத்த வாரம்? மறுபடியும் பழைய கதைதான்.

அந்த ஒரு நாள் நாம் செய்கிற வேலைக்கு தொழில் பாதுகாப்புத் துறையில் ஒரு பெயர் இருக்கிறது: ‘ஹவுஸ்கீப்பிங்’. அதை தினமும் 15 நிமிடம் செய்தால் கை, கால், கண், சில நேரம் உயிரே தப்பும். எப்படி? சட்டம் என்ன சொல்கிறது? 5 பேர், 6 பேர் வேலை பார்க்கும் சின்ன பட்டறைக்கு அந்தச் சட்டம் பொருந்துமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஹவுஸ்கீப்பிங் என்றால் கூட்டிப் பெருக்குவதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். கூட்டுவது அதில் ஒரு பகுதி மட்டும்தான். வேலை நடக்கும் இடத்தில் தேவையில்லாத பொருள் இருக்கக் கூடாது, தேவையான பொருள் அதற்கான இடத்தில் இருக்க வேண்டும், தரை காய்ந்து வழுக்காமல் இருக்க வேண்டும், நடக்கும் வழியும் வெளியேறும் வழியும் அடைபடாமல் இருக்க வேண்டும், கழிவு அன்றன்றைக்கே வெளியே போக வேண்டும். இவை ஐந்தும் சேர்ந்ததுதான் ஹவுஸ்கீப்பிங்.

விபத்து என்றதும் பாய்லர் வெடிப்பு, கேஸ் கசிவு போன்ற பெரிய சம்பவங்கள்தான் நினைவுக்கு வரும். முத்தியால்பேட்டையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் காலாப்பட்டில், 2023 நவம்பர் 4-ம் தேதி இரவு மருந்து தொழிற்சாலை ஒன்றில் வெடிவிபத்து ஏற்பட்டு 14 தொழிலாளர்கள் காயமடைந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி ரசாயன ஆலைகளுக்கு தனி பொறியியல் பாதுகாப்பு வேண்டும். துடைப்பத்தை வைத்து அதைத் தடுக்க முடியாது.

ஆனால் செய்தியில் வராத விபத்துகள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஆயிலில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தவர், ஒயரில் தடுக்கி ஓடிக்கொண்டிருந்த மெஷின் மேல் கையை வைத்தவர், பரணில் இருந்து சரிந்த இரும்பு தலையில் விழுந்தவர், ஆணி ஏறிய காலோடு வீட்டுக்குப் போனவர்... இவர்களுக்கு பிரேக்கிங் நியூஸ் கிடையாது. ஒரு மாதச் சம்பளமும் மருத்துவச் செலவும் போய்விடும். ஹவுஸ்கீப்பிங் தடுப்பது பெரும்பாலும் இந்த விபத்துகளைத்தான்.

உலகம் முழுக்க வேலை தொடர்பான விபத்துகளாலும் நோய்களாலும் வருஷத்துக்கு சுமார் 29.3 லட்சம் பேர் இறக்கிறார்கள், 39.5 கோடி பேர் உயிருக்கு ஆபத்தில்லாத காயம் அடைகிறார்கள் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீடு.

குப்பை எப்படி உயிரை எடுக்கும்? 3 சம்பவங்கள்

“கொஞ்சம் தூசிதானே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டதால் என்ன ஆகும்? உலகம் பாடம் படித்த மூன்று இடங்கள் இவை.

1. லண்டன், 1987: கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் நவம்பர் 18-ம் தேதி மாலை ஒரு தீக்குச்சி மர எஸ்கலேட்டரின் இடுக்கு வழியாக கீழே விழுந்தது. அடியில் பல வருஷங்களாகச் சரியாகச் சுத்தம் செய்யப்படாத கிரீஸ், அதன் மேல் காகிதத் துணுக்கு, பஞ்சு, தூசி. முதலில் சின்ன தீ. சில நிமிடங்களில் டிக்கெட் ஹால் முழுக்க நெருப்பு. 31 பேர் இறந்தார்கள். தீக்குச்சி ஒரு பொறி மட்டும்தான், அது பற்றிக்கொள்ள அடியில் குப்பை தயாராக இருந்தது.

2. ஜார்ஜியா, அமெரிக்கா, 2008: போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் இம்பீரியல் சுகர் என்ற சர்க்கரை ஆலை. பிப்ரவரி 7-ம் தேதி கன்வேயர் பகுதியில் சர்க்கரைத் தூசி வெடித்தது. அந்த அதிர்ச்சியில் தரையிலும், உத்தரங்களிலும், குழாய்களின் மேலும் படிந்திருந்த சர்க்கரைத் தூசி காற்றில் கிளம்பி, அடுத்தடுத்து வெடித்துக்கொண்டே போனது. 14 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பைவிட, சுத்தம் செய்யாமல் விட்ட தூசி ஏற்படுத்திய இரண்டாம் கட்ட வெடிப்புகள்தான் ஆலையை நாசமாக்கின என்று விசாரணையில் தெரிந்தது.

நாம் டீயில் போடும் சர்க்கரை வெடிக்குமா? வெடிக்கும். மாவு, மரத்தூள், பஞ்சு, மஞ்சள் தூள், ஸ்டார்ச் என எரியக்கூடிய எந்தப் பொருளும் மெல்லிய தூசியாகி, மூடிய இடத்தில் காற்றோடு கலந்து, ஒரு பொறி கிடைத்தால் வெடிக்கலாம். பெரிய பரப்பில் படிந்தால் ஒரு பேப்பர் கிளிப் கம்பி கனம், அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர் தூசியே ஆபத்து என்பது தீத்தடுப்பு நிபுணர்கள் பின்பற்றும் அளவு.

3. மணலி, சென்னை, 2020: ஆகஸ்ட் 4-ம் தேதி லெபனான் தலைநகர் பெய்ரூட் துறைமுகத்தில், ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த சுமார் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடனே இங்கேயும் தேடிப் பார்த்தார்கள். சென்னை மணலி அருகே சரக்குப் பெட்டக நிலையத்தில், 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் அப்படியே கிடந்தது. அடுத்த சில நாட்களில் அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. இங்கே விபத்து நடக்கவில்லை. ஆனால் ‘தேவையில்லாததை அப்புறப்படுத்தாமல் வைத்திருப்பது’ எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை தமிழ்நாடு நேரடியாகப் பார்த்தது அப்போதுதான்.

மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: ஒரு பொருள் இருக்கக் கூடாத இடத்தில், இருக்கக் கூடாத அளவில், ரொம்ப நாளாகக் கிடந்தது.

ஜப்பான் சொல்லும் ‘5 எஸ்’ என்ன?

இதை ஒரு ஒழுங்கான முறையாக மாற்றியது ஜப்பான் தொழிற்சாலைகள். ஐந்து ஜப்பானிய சொற்களும் ‘ஸ’ ஒலியில் தொடங்குவதால் ‘5 எஸ்’ என்று பெயர். தமிழ்நாட்டில் ஓசூர், கோவை, சென்னை வாகன உதிரிபாக ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது நல்லாவே தெரியும். முத்தியால்பேட்டை பட்டறைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் இப்படி இருக்கும்.

* சேய்ரி - பிரித்தல்: வேண்டியது, வேண்டாதது என்று இரண்டாகப் பிரியுங்கள். “என்னைக்காவது உதவும்” என்று 3 வருஷமாக வைத்திருக்கும் பழைய மோட்டார் காயலான் கடைக்குப் போகட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி தேதி எழுதுங்கள். 30 நாளில் தொடவில்லை என்றால் அது வேண்டாதது.

* சேய்டோன் - ஒழுங்குபடுத்தல்: ஒவ்வொரு டூலுக்கும் ஒரு இடம். சுவரில் ஒரு பிளைவுட் அடித்து, ஸ்பேனர், சுத்தியல், ரெஞ்ச் உருவத்தை பெயின்டில் வரைந்து மாட்டிவிட்டால், சாயங்காலம் எது திரும்பி வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும்.

* சேய்ஸோ - சுத்தம் செய்தல்: சுத்தம் செய்யும்போதுதான் மெஷினை கிட்டப் போய்ப் பார்க்கிறோம். ஆயில் எங்கே கசிகிறது, எந்த நட்டு லூஸ், எந்த ஒயர் தோல் உரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். துடைப்பதே ஒரு இன்ஸ்பெக்‌ஷன்.

* சேய்கெட்சு - நிலைப்படுத்தல்: யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று எழுதி சுவரில் ஒட்டுங்கள். நடக்கும் வழிக்கு தரையில் மஞ்சள் கோடு போடுங்கள். கோட்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது. முதலாளியின் பைக்கும்தான்.

* ஷிட்சுகே - வழக்கமாக்கல்: யாரும் சொல்லாமலே செய்வது. ஐந்தில் ரொம்பக் கஷ்டமானது இதுதான். ஆயுத பூஜை சுத்தம் ஒரே வாரத்தில் காணாமல் போவது இந்த ஐந்தாவது படி இல்லாததால்தான்.

இது ஆலைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை, 2000-ம் ஆண்டு வாக்கில் டாக்டர் விமல் கரந்தகொட தலைமையில் 5 எஸ் முறையைக் கொண்டுவந்தது. குறைந்த செலவில் ஒரு அரசு மருத்துவமனை மாற முடியும் என்பதற்கு உதாரணமாக, ஜப்பான் உதவி அமைப்பு வழியாக இந்த அனுபவம் ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் போனது. தேடும் நேரம் குறைந்தால் வேலையும் வேகமாகும், தவறும் குறையும். பட்டறைக்கும் அதே கணக்குதான்.

எந்த இடத்தில் எதைக் கவனிக்கணும்?

லேத் பட்டறை

லேத்தில் இருந்து வரும் இரும்புச் சுருள் பிளேடு மாதிரி. அதைக் கையால் இழுக்கவே கூடாது. மெஷினை நிறுத்திவிட்டு, கொக்கி கம்பியாலும் பிரஷ்ஷாலும் எடுக்க வேண்டும். ஓடும்போது சுருளைப் பிடித்து இழுத்தால் சுருளோடு கையும் உள்ளே போகும். கம்ப்ரசர் காற்றை வைத்து சட்டையில் இருக்கும் தூளை ஊதுவது பலரின் பழக்கம். அந்தத் தூள் நேராக கண்ணுக்குப் போகும், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் போகும். கூலன்ட், ஆயில் கீழே சிந்தினால் உடனே மரத்தூள் அல்லது மணல் போட்டு எடுத்துவிடுங்கள்.

வெல்டிங், கிரைண்டிங் கடை

கிரைண்டரில் இருந்து பறக்கும் பொறி நாம் நினைப்பதைவிட தூரம் போகும். சுற்றி சுமார் 10 மீட்டருக்குள் அட்டைப்பெட்டி, பெயின்ட், தின்னர், பனியன் வேஸ்ட் எதுவும் இருக்கக் கூடாது. இடம் சின்னது, 10 மீட்டருக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். நகர்த்த முடியாததை தீப்பிடிக்காத தகரத் தடுப்பால் மறையுங்கள். வேலை முடிந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். குறைந்தது அரை மணி நேரம் யாராவது இருந்து பார்க்கணும். உள்ளே கனன்று கொண்டிருந்த பொறி, கடை மூடிய பிறகு பற்றிக்கொள்ளும்.

கேஸ் சிலிண்டர்களை நிமிர்த்தி வைத்து செயின் போடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது, அது தீப்பிடிக்கும். எண்ணெய்க் கையோடு அதைத் திறக்காதீர்கள்.

மரப்பட்டறை, ஃபர்னிச்சர் பாலிஷ்

மரத்தூள் தினமும் வெளியே போக வேண்டும். மேலே உத்தரத்திலும், ஃபேன் இறக்கையிலும், டியூப் லைட் மேலும் படிவதை வாரம் ஒருமுறையாவது துடையுங்கள். ஊதிவிட்டால் தூசி இடம் மாறுமே தவிர, போகாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆளி விதை எண்ணெய் கலந்த பாலிஷில் நனைத்த துணியை சுருட்டி மூலையில் போட்டால், யாரும் தீ வைக்காமலே அது சூடேறி எரியத் தொடங்கும். எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் வெளிவரும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. அந்தத் துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட இரும்பு டப்பாவில் போடுங்கள்.

டூவீலர் மெக்கானிக் ஷெட்

திறந்த தட்டில் பெட்ரோல் ஊற்றி பார்ட்ஸ் கழுவுவதைத் தினமும் பார்க்கிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு பரவும். கொஞ்ச தூரத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தாலும் தீ திரும்பி வரும்.

அதைவிட ஆபத்து, பெட்ரோல், தின்னர், ஆசிட்டை குடிநீர் பாட்டிலில் வைப்பது. மத்தியான வெயிலில் தாகத்தோடு வரும் பையன் எந்த பாட்டிலை எடுப்பான் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் பாட்டிலில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கூடாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் இன்றைக்கே மாற்றினாலும் இந்தக் கட்டுரை படித்ததற்குப் பலன்.

ஸ்வீட் கடை, ஹோட்டல் கிச்சன்

எண்ணெய் சிந்திய தரை, அடுப்புக்கு மேலே புகைபோக்கியில் படிந்த பிசுக்கு, சிலிண்டர் டியூப் - இந்த மூன்றையும் பாருங்கள். பிசுக்கு என்பது கெட்டியான எரிபொருள். வாணலியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் எண்ணெய் பொங்கித் தெறிக்கும். அடுப்பை அணைத்து, வாணலியை மூடியால் மூடுங்கள். சமையல் கேஸும் காற்றைவிட கனமானது, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். சிலிண்டரை படிக்கட்டுக்கு அடியில், குழியான இடத்தில் வைக்காதீர்கள்.

கடை, குடோன், ஆபீஸ்

மாடிப்படியில் அட்டைப்பெட்டி அடுக்குவது, பின்வாசலை மூட்டை வைத்து அடைப்பது, தீயணைப்பு சிலிண்டர் முன்னால் ஸ்டாக் வைப்பது. தீபாவளி, பொங்கல் சீசனில் இது எல்லாக் கடையிலும் நடக்கும். தீ வந்தால் மனிதர்கள் ஓடவேண்டிய வழி அது. கனமான பொருள் கீழே, லேசானது மேலே. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகாதீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறோம், செய்தி அறையிலும் மேஜைக்கு அடியில் ஒயர் காடுதான். முதலில் நாமும் குனிந்து பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்கே உரிய இரண்டு பிரச்னைகள்

ஒன்று உப்புக்காற்று. முத்தியால்பேட்டையில் இருந்து கடல் கூப்பிடு தூரம்தான். இரும்பு ஏணியின் படி, சிலிண்டரின் அடிப்பாகம், ரோலிங் ஷட்டர் ஸ்பிரிங், ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூ, எர்த் கம்பி இணைப்பு எல்லாம் உள்ளூர் பகுதிகளைவிட சீக்கிரம் துருப்பிடிக்கும். எர்த் இணைப்பு துருப்பிடித்தால், பார்க்க நல்லா இருக்கும் மெஷினும் ஷாக் அடிக்கும். மாதம் ஒருமுறை துரு பார்ப்பதை பட்டியலில் சேருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால் அதன் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

இரண்டாவது வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. வீடு, கடை, பட்டறை என்று பார்க்காமல் தண்ணீர் புகுந்தது. செப்டம்பர் முடிவதற்குள் தரையோடு இருக்கும் பிளக் பாயின்ட்டை மேலே ஏற்றுங்கள். ரசாயனம், பெயின்ட், சிமென்ட், ஸ்டாக் எல்லாம் பலகை போட்டு உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் புகுந்த மெஷினை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஆன் செய்யாதீர்கள். ஆயுத பூஜை பெரும்பாலும் மழைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. சுத்தம் செய்யும் கையோடு இதையும் முடித்துவிடலாம்.

அப்படியே இன்னொன்று. திருஷ்டி கழிக்க நடுரோட்டில் பூசணிக்காய் உடைப்போம். உள்ளே இருந்த ஆபத்தையெல்லாம் துடைத்துவிட்டு, வெளியே போகிற பைக்காரர் வழுக்கி விழ வழி செய்வது நல்லா இருக்குமா? ஓரமாக உடைத்து, உடனே அள்ளிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இந்த விஷயத்தில் ஆச்சரியப்படும் அளவுக்கு நுணுக்கமாக இருந்தது. அதில் இருந்த சில விதிகள்:

* தரை, பெஞ்ச், படிக்கட்டு, நடைபாதையில் சேரும் அழுக்கும் குப்பையும் தினமும் அகற்றப்பட வேண்டும்.
* வேலை அறையின் தரையை வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும்.
* வெள்ளையடிக்கும் சுவராக இருந்தால் 14 மாதத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும்.
* தரை, படி, நடைபாதை உறுதியாக இருக்க வேண்டும். தடைகளோ, வழுக்கும் பொருளோ இருக்கக் கூடாது.
* எச்சில் துப்ப தனிப் பாத்திரம் வைக்க வேண்டும். வேறு இடத்தில் துப்பினால் 5 ரூபாய் வரை அபராதம்!

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கிய ‘தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020’ நடைமுறைக்கு வந்துள்ளது. சுத்தம், காற்றோட்டம், தூசி அகற்றல், வெளிச்சம் ஆகியவை முதலாளியின் கடமை என்பது இதிலும் தொடர்கிறது.

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. யாருக்கு இது பொருந்தும்?

பழைய சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தி 10 பேர் வேலை பார்த்தாலே அது ‘தொழிற்சாலை’. மின்சாரம் இல்லை என்றால் 20 பேர். புதிய தொகுப்புச் சட்டத்தில் இந்த எண்ணிக்கை 20 ஆகவும் 40 ஆகவும் உயர்ந்துள்ளது. பொதுவாக 10 பேரோ, அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தொகுப்புச் சட்டத்துக்குள் வரும். அபாயகரமான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை பார்க்கும் இடத்துக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் 4 பேர், 6 பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை? அன்றைக்கும் தொழிற்சாலைச் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது, இன்றைக்கும் பெரும்பாலும் வெளியேதான். தொழிற்சாலை ஆய்வாளர் அந்த வாசலுக்கு வரப் போவதில்லை. பாதுகாப்பு அதிகாரி கிடையாது. இ.எஸ்.ஐ. வசதியும் பொதுவாக 10 பேர் இருந்தால்தான். அடிபட்டால் இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு மட்டும் 1923-ம் ஆண்டு சட்டத்தில் இருந்தே முதலாளிக்கு உண்டு. அது இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. ஆனால் இழப்பீடு வருவது விரல் போன பிறகு. போவதற்கு முன்னால் தடுக்க, சின்ன பட்டறையில் அந்தப் பட்டறைக்காரர்களைத் தவிர வேறு ஆளே இல்லை.

யார் கூட்டுவது? எப்போது கூட்டுவது?

எல்லா ஆலோசனையும் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான். நிறைய இடங்களில் சுத்தம் செய்யும் வேலை கடைசியாகச் சேர்ந்த ஹெல்பர் பையன் தலையில் விழும். அதுவும் வேலை நேரம் முடிந்து, மற்றவர்கள் கை கழுவிக் கிளம்பிய பிறகு. அவனுக்கு எந்த மெஷின் எப்படி ஆபத்து என்று தெரியாது. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் என்ற அவசரம் வேறு. ஓடுகிற மெஷினுக்குள் துணியை விடுவதும், ஆசிட் பாட்டிலை தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து அடுக்குவதும் அப்போதுதான் நடக்கிறது. விபத்தைத் தடுக்க வேண்டிய வேலையே விபத்தாகிறது.

இதற்கு மூன்று தீர்வு:

1. சுத்தம் செய்யும் நேரம் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி 15 நிமிடம் மெஷின் ஆஃப். அதற்கும் சம்பளம் உண்டு.

2. அந்தந்த மெஷினை ஓட்டியவரே அதைத் துடைக்க வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, மற்றவர் ஆன் செய்யாதபடி ஒரு அட்டை மாட்டிவிட்டுத்தான் தொட வேண்டும்.

3. முதலாளியும் துடைப்பத்தைத் தொட வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் தொட்டால்கூட போதும், பட்டறையில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

“15 நிமிஷம் மெஷின் நின்னா நஷ்டம் இல்லையா?” என்று கேட்கலாம். டூல் தேடுவதில் தினமும் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு வாரம் மட்டும் குறித்துப் பாருங்கள், விடை கிடைக்கும்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு பழைய உரிமையும் உண்டு. 1936 ஜூலை 30-ம் தேதி, பிரெஞ்சு ஆட்சியில், உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிரிழந்தார்கள். வ.சுப்பையா போன்ற தலைவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக, அடுத்த ஆண்டே 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது. உயிர் கொடுத்து வாங்கிய அந்த 8 மணி நேரத்துக்குள்தான் இந்த 15 நிமிடமும் வர வேண்டும். அதற்கு வெளியே போனால் அது இலவச உழைப்பு.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க: ஷட்டர் இழுக்கும் முன் 10 கேள்விகள்

1. எல்லா மெஷினும் மெயினில் ஆஃப் ஆகிவிட்டதா?
2. தரையில் ஆயில், தண்ணீர், ஆணி, சுருள் இல்லையே?
3. டூல்ஸ் எல்லாம் அதன் இடத்துக்குத் திரும்பிவிட்டதா?
4. ஆயில் துணி, பாலிஷ் துணி மூடி போட்ட டப்பாவில் இருக்கிறதா?
5. தின்னர், பெட்ரோல், ஆசிட் டப்பாக்களில் பெயர் எழுதி, மூடி இறுக்கி இருக்கிறதா?
6. கேஸ் சிலிண்டர் வால்வு மூடி, செயின் போட்டாச்சா?
7. குப்பை வெளியே போய்விட்டதா?
8. வாசல், பின்வாசல், மாடிப்படி காலியாக இருக்கிறதா?
9. தீயணைப்பு சிலிண்டர் எட்டும் இடத்தில் இருக்கிறதா? முள் பச்சையில் இருக்கிறதா?
10. இன்றைக்கு யாராவது வழுக்கியோ, தடுக்கியோ ‘நல்லவேளை தப்பிச்சோம்’ என்று சொன்னார்களா?

பத்தாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். 1931-ல் அமெரிக்க பாதுகாப்பு நிபுணர் ஹெய்ன்ரிச், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்ன காயங்களும், காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கும் என்று எழுதினார். அந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள். ஆனால் இன்று தப்பிய இடத்தில்தான் நாளை அடிபடும் என்பதைப் புரிந்துகொள்ள கணக்கு தேவையில்லை. ஒரு 20 ரூபாய் நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். திட்டுவதற்கு அல்ல, சரிசெய்வதற்கு. சொன்னவரைத் திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

முதலில் மெயின் ஸ்விட்ச் ஆஃப். ஷாக் அடித்தவரை கரன்ட் நிறுத்தாமல் தொடாதீர்கள். தீக்காயத்துக்கு குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். பேஸ்ட், மாவு, இங்க் எதையும் தடவக் கூடாது. கண்ணில் ரசாயனம் பட்டால் உடனே தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள். விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களை பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பதற்றத்தில் போன் கான்டாக்ட்டைத் தேட நேரம் இருக்காது.

அடுத்த ஆயுத பூஜைக்கு பட்டறையைச் சுத்தம் செய்யும்போது, மெஷினுக்கு அடியில் என்னவெல்லாம் கிடைக்கிறது என்று கவனியுங்கள். காணாமல் போன ஸ்பேனரும் கெட்டியான ஆயிலும் கிடைத்தால், வருஷம் முழுக்க ஆபத்துக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சுரண்ட ஒன்றுமே இல்லாமல் சந்தனம், குங்குமம் மட்டும் வைக்க முடிந்தால், அந்த வருஷம் பட்டறை நல்லபடியாக ஓடியிருக்கிறது.